குளத்தைப் பார்த்த முக்காலி

மொஃபஸ்ஸல் தாலுக்தார். அந்தப் பேரை முதல்ல போடுங்கம்மா. மத்ததெல்லாம் அதுக்குக் கீழ வரட்டும். எம்.பி.ங்கிற பட்டம் வேணாம், வெறும் பேரு போதும். என்னை முதல்ல கெடுத்தவன் அவன்தான். ஆறும் இல்ல, புயலும் இல்ல. ஆறு என் நெலத்தைத் தின்னிருக்கு, புயல் என் கூரையத் தூக்கிட்டுப் போயிருக்கு. அதுங்க மேல எனக்குக் கோவம் கெடையாது. அதுங்க ரெண்டும் ஓட்டுக் கேட்டு வந்ததில்லையே.

இருங்க, அங்க உக்கார வேணாம். இந்தப் பிரம்பு முக்காலிய இழுத்துப் போட்டுக்குங்க. மொகத்தை என் பக்கம் திருப்ப வேணாம், குளத்தைப் பாத்த மாதிரியே உக்காருங்க. அந்தப் பக்கம்தான் காத்து வரும். மரியாதைக் கொறைச்சல்னெல்லாம் நெனைக்க மாட்டேன். எனக்குக் காது நல்லாக் கேக்கும், நீங்க முதுகைக் காட்டிப் பேசினாலும் கேக்கும்.

இந்தக் கண்ணாடியா? வெயில் கூசுது. வேற ஒண்ணுமில்ல.

பொரி எடுத்துக்குங்க. கூட வச்சிருக்குறது பனைவெல்லம் இல்ல, பேரீச்சை வெல்லம், நல்லாருக்கும். சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. லாஞ்சுப் படகுக்கு நேரம் இருக்கு. எங்க ஊருக்கு லாஞ்சு என்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு? டாக்காவுல இருந்து இவ்வளவு தூரம் வந்துட்டு, ஒரு வாய்ப் பொரி தின்னாம எந்திரிச்சா எனக்குத்தான் அவமானம். எஸ்கந்தர் மிர்தா வீட்டுக்கு வந்தவங்க வெறும் வாயோட போனாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க.

சொல்றேன், சொல்றேன். பார்லிமெண்டுல நான் படிக்கணும், சுருக்கமா சொல்லுங்கன்னு சொன்னீங்க. சுருக்கமா வராதும்மா எனக்கு. நீங்க வேணா சுருக்கிக்குங்க.

அந்தச் சத்தம் கேக்குதா? கிணுகிணுன்னு? அது டுட்டுல். அவனுக்கு ஆட்டு மணி கட்டியிருக்கு. இங்க நடக்கத் தொடங்கின எல்லாப் புள்ளைக்கும் காலுலயோ இடுப்புலயோ ஏதாச்சும் ஒண்ணு கட்டித்தான் விடுவாங்க. அழகுக்குன்னா நெனைச்சீங்க? டாக்காக்காரங்க எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, போட்டோ எடுக்கிறாங்க. சத்தம் கேட்டா புள்ள தரையில இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான். அந்தா, சலங்கு சலங்குன்னு போறது ஷாப்லா. அவ அப்பன் சிட்டகாங்குல கப்பல் ஒடைக்கப் போயிருக்கான், காசு அனுப்புறான், அதனால வெள்ளிச் சலங்கை. சில்லு சில்லுன்னு கேக்குறது பாதுஷா. பேருதான் பாதுஷா, இடுப்புல கட்டினது துருப்பிடிச்ச சாவிக்கொத்து. ராஜாவுக்கு ஏத்த சொத்து. பித்தளையில மெதுவா ஒண்ணு கேக்குதா, மழைத்துளி தகரத்துல விழுற மாதிரி? அது எங்க ஜினுக். என் பேத்தி. சின்னவ.

பெரியவளைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

இந்தக் குளம் முன்னாடி இங்க இருந்ததே இல்லம்மா. எங்க பக்கம் வீடு கட்டணும்னா மொதல்ல பள்ளம் தோண்டணும், அந்த மண்ண மேடாக் கொட்டித்தான் வீடு. இல்லாட்டி வெள்ளத்துல மெதக்க வேண்டியதுதான். அதனால வீட்டுக்கு வீடு ஒரு குளம். நான் கட்டினப்ப எங்க அப்பா பின்பக்கம் தோண்டச் சொன்னாரு, சின்னதா, மூங்கில் வேலி போட்டு. இது தாலுக்தார் தோண்டினது. அவன் தோப்புக்கு ரோடு போட மண்ணு வேணும்னு, என் வாசலுக்கு நேரா இருந்த பொறம்போக்குல பள்ளம் பறிச்சான். வேலி போட்டுத் தர்றேன்னான். தண்ணி நெறஞ்சதும் மீனு விட்டான். அப்புறம் வேலி கேட்டா, வலை இழுக்கத் தோதுப்படாதுன்னான். கரையும் செங்குத்தா வெட்டினது. பெரியவங்களே சறுக்குவாங்க.

ஷாப்லா, அங்கயே நில்லு. தாத்தா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

இப்படி அப்பப்போ அதட்டணும்மா. அதட்டினா நிக்கும்.

ஆமா, பெரியவ. ஜோனாகி. மின்மினின்னு பேரு வச்சது நான்தான், பொறந்த அன்னைக்கு மூங்கில் தோப்பு பூரா மின்மினி. அவளுக்கும் மணி கட்டியிருந்துச்சு. கட்டாம விட்டாங்கன்னு எழுதிடாதீங்க, எங்க மருமக ஷெஃபாலிய அப்படிப் பேசினவங்க இருக்காங்க. கட்டியிருந்துச்சு. காலைச் சோறு தின்னாச்சு, ஷெஃபாலி அடுப்பு மூட்டிட்டு மீன் அலசிக்கிட்டிருந்தா. என் மகன் டாக்காவுல. நான் கூரை மேல ஓலை வேஞ்சுக்கிட்டிருந்தேன். எல்லாருக்கும் காது மணி மேலதான். அப்போ தேர்தல் நேரம். தாலுக்தார் ஆளுங்க ஆட்டோவுல மைக்கு கட்டிக்கிட்டு கரை ரோட்டு மேல வந்தாங்க. ரெண்டு கொழாய், ரெண்டு பக்கமும். பாட்டு, கோஷம், மறுபடி பாட்டு. ஏழைகளின் நண்பன், ஆத்தங்கரையின் புதல்வன்னு. என் வீட்டு வாசல்லயே நிறுத்திப் போட்டானுங்க, நெழல் இருக்குன்னு.

அந்தச் சத்தத்துல மணி எங்கம்மா கேக்கும்?

மைக்கு நின்னப்போ மணியும் இல்ல. ஷெஃபாலிதான் முதல்ல கவனிச்சா. கத்தக்கூட இல்ல. மீன் சட்டியோட அப்படியே எந்திரிச்சு நின்னா. நான் கூரையில இருந்து பாத்தேன், சட்டியில இருந்து தண்ணி வழியுது, அவ அதைக் கீழ வைக்கணும்னுகூடத் தோணாம நிக்கிறா.

டுட்டுல் சத்தம் நின்னுபோச்சே. டுட்டுல். டேய் ஆட்டுக்குட்டி. ம், கேக்குது. உக்காந்து மண்ணைத் தின்னுக்கிட்டிருப்பான். மண்ணு தின்னட்டும், மண்ணு யாரையும் விழுங்கினதில்ல.

பயந்தாங்கொள்ளிக் கெழவன்னு ஊர்ல என்னைச் சொல்லுவாங்க. சொல்லட்டும். உங்களுக்குப் புள்ள இருக்கா? பள்ளிக்கூடம் போகுதா? எத்தனாவது மாடியில வீடு? ஜன்னலுக்குக் கம்பி போட்டிருக்கீங்கல்ல? அதேதாம்மா. உங்க ஊர்ல ஜன்னலு, எங்க ஊர்ல குளம். கம்பி மட்டும் உங்க ஊருக்குத்தான் வந்திருக்கு.

கேளுங்க. கோஹினூர்னு ஒரு பொண்ணு. பக்கத்து வீட்டுக்கு மருமகளா வந்தவ, ஊருக்குப் புதுசு. கல்யாணத்துக்கு முன்னாடி டவுன்ல ஏதோ ஒரு எடத்துல முதலுதவிப் பயிற்சி எடுத்திருக்கா. அவதான் குளத்துல குதிச்சுப் புள்ளையத் தூக்கினா. கரையில மல்லாக்கப் போட்டு, மூக்கைப் பிடிச்சு வாயில வாய வச்சு ஊதினா. எங்க பொம்பளைங்க எல்லாம் தொடுவாளா, செத்த புள்ளைய என்ன பண்றான்னு திட்டுறாங்க. அவ கேக்கல. ஊதுறா, நெஞ்சை அமுக்குறா, மறுபடி ஊதுறா. நான் எறங்கி ஓடி வந்துட்டேன். பக்கத்துலயே முட்டி போட்டு உக்காந்திருந்தேன். அப்போ, அல்லா மேல ஆணையாச் சொல்றேன், ஜோனாகி இருமினா. ஒரு தடவை. வாயோரமா தண்ணி வந்துச்சு. என் காதால கேட்டேன். கோஹினூர் என்னைப் பாத்துச் சொன்னா, வருது சாச்சா, வருது, யாரையும் கிட்ட விடாதீங்க.

நான் கிட்ட விடாம இருக்க யாரு? வந்தது தாலுக்தார்.

கூட்டத்தோட வந்தான். வெள்ளைப் பஞ்சாபி ஜிப்பா, கழுத்துல மாலை. தள்ளுங்கன்னான். கோஹினூரோட தோளைப் பிடிச்சு இழுத்துத் தள்ளினான். எங்க பக்கம் ஒரு பழக்கம் உண்டு, தண்ணி குடிச்ச புள்ளையத் தலைக்கு மேல தூக்கிக் கரகரன்னு சுத்துவாங்க. உள்ள இருக்குற தண்ணியெல்லாம் வெளிய கொட்டிரும்னு நெனைப்பு. தலைமுறை தலைமுறையா அப்படித்தான். அவன் தூக்கினான். தலை மேல வச்சுச் சுத்தினான். மாலை அவன் கழுத்துல சுத்துது, என் புள்ள அவன் தலைக்கு மேல சுத்துது, காலுல கட்டின மணி அப்பத்தான் கிணுகிணுன்னு அடிக்குது. சனம் பூரா அல்லாஹு அக்பர்னு கத்துது. கோஹினூர் அவன் காலைப் பிடிச்சுக்கிட்டு நிறுத்துங்க நிறுத்துங்கன்னு அழறா. அவ ஒருத்திதான் நிறுத்தச் சொன்னா.

அவன் நிறுத்துறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு.

அழாதீங்கம்மா. நீங்க கண்ணைத் தொடைச்சா குளம் தெரியாது. வந்து, அழுதா எழுத முடியாதேன்னு சொன்னேன்.

இதுவரைக்கும்னா, தெரியாத்தனம்னு விட்டிருப்பேன். பழக்கம், அவனுக்கு என்ன தெரியும்னு. என் சொந்தத் தம்பியா இருந்தாலும் சுத்தித்தான் இருப்பான். ஆனா மறுவாரம் போஸ்டர் ஒட்டினாங்க. என் வீட்டுச் சுவத்துலயே ஒட்டினாங்க. தாலுக்தார் ரெண்டு கையாலயும் ஒரு புள்ளையத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான், கீழ பெரிய எழுத்துல என்னமோ. எனக்குப் படிக்கத் தெரியாது. ஷெஃபாலிக்குத் தெரியும், அவ படிச்சிட்டு உள்ள போயிட்டா. பாதுஷாவோட அப்பன்தான் படிச்சுச் சொன்னான். குழந்தைகளின் காவலன்னு போட்டிருக்காம். அந்தப் படத்துல என் புள்ள உசுரோட இருக்குற மாதிரியே இருந்துச்சும்மா. சுத்தும்போது கை ரெண்டும் விரிஞ்சிருக்கு, பறக்குற மாதிரி.

ஜெயிச்சான். ஜெயிக்காம? எங்க ஊரே போட்டுச்சு.

இல்ல இல்ல, உக்காருங்க. லாஞ்சு ஊதுறது முதல்ல தெக்கால கரையில, அங்க நின்னு, அப்புறந்தான் இங்க வரும். எனக்குத் தெரியாதா? இன்னும் முக்கியமானதே சொல்லல. நீங்க போயிட்டா யாருகிட்ட சொல்றது?

ஜெயிச்சதுக்கு நன்றியா ஒரு ரூம் கட்டினான். வர்ற வழியில பச்சைத் தகரம் போட்டது பாத்திருப்பீங்க. குழந்தைகள் இல்லம்னு போர்டு, போர்டுல அவன் மூஞ்சி. காலைல புள்ளைங்களை அங்க விட்டுட்டு, மதியம் வந்து தூக்கிக்கலாம்னான். கோஹினூர்தான் பாத்துக்கணும்னு பேச்சு. ரிப்பன் வெட்டினான், ஆளுக்கு ஒரு ஜிலேபி குடுத்தான். சம்பளத்துக்கு சர்க்கார்ல பணம் ஒதுக்கலைன்னு அடுத்த மாசம் பூட்டிட்டாங்க. இப்போ உள்ள என்ன இருக்குன்னு மூக்கை வச்சே சொல்லிடலாம். மீன் தீவனம். மூட்டை மூட்டையா. அந்த மீனு இந்தக் குளத்து மீனு. கோஹினூரும் டாக்காவுக்குத் தையல் வேலைக்குப் போயிட்டா.

இதைத்தான் நீங்க அங்க கேக்கணும். எழுதிக்குங்க. மீனுக்கு மந்திரி இருக்காரு. மீனுக்கு ஆபீசர் இருக்காரு, மாசாமாசம் மோட்டார் சைக்கிள்ல வந்து குளத்துத் தண்ணிய பாட்டில்ல பிடிச்சுட்டுப் போறாரு, மீனுக்கு மூச்சு முட்டுதான்னு பாக்க. அதே குளத்துல எங்க புள்ளைக்கு மூச்சு முட்டினா அதைப் பாக்க எந்த ஆபீசரு? அங்க உக்காந்து பாலத்தைப் பத்திப் பேசுறாங்க, கரண்டைப் பத்திப் பேசுறாங்க, ரேடியோவுல நானும் கேக்குறேன். காலைச் சோத்துக்கும் மதியச் சோத்துக்கும் நடுவுல இருக்குற பொழுதைப் பத்தி எவனாச்சும் எந்திரிச்சுப் பேசியிருக்கானா? புள்ளைங்க போறதெல்லாம் அந்தப் பொழுதுலதாம்மா. ராத்திரியில எந்தப் புள்ளையும் போறதில்ல, அம்மா மடியில கெடக்கும். நாட்டுக்கு முதல் வேலை இதுன்னு ஒரு தடவை சொல்லச் சொல்லுங்க. பெருசா ஒண்ணும் வேணாம். அந்த ரூமைத் தெறந்து விடட்டும். கண்ணும் காதும் சரியா இருக்குற ஒரு பொண்ணுக்குச் சம்பளம் குடுக்கட்டும். வாயில ஊதுறது எப்படின்னு ஊர்ல எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கட்டும். பாலம் அடுத்த வருசம் கட்டிக்கலாம். புள்ள அடுத்த வருசம் வரைக்கும் கரையில நிக்காது.

இப்பவா? இப்போ நான்தான் காவல். பொம்பளைங்க எல்லாம் கருவாட்டுக் களத்துக்குப் போயிடுவாங்க, போகலைன்னா அடுப்பு எரியாது. போற வழியில ஒவ்வொருத்தியா வந்து, இந்தாங்க சாச்சான்னு விட்டுட்டுப் போவா. எஸ்கந்தர் சாச்சாவுக்குக் கழுகுக் கண்ணுன்னு சொல்லுவாளுங்க. நான் இப்படி குளத்துக்குப் போற பாதையில காலை நீட்டி வழி மறிச்சு உக்காந்துக்குவேன். புள்ளைங்க என்னைத் தாண்டித்தான் போகணும். மணியக் கேட்டுக்கிட்டே இருப்பேன்.

அது என்ன சத்தம்?

இல்ல, லாஞ்சு இல்ல. கரை மேல. பாட்டு. மைக்காம்மா அது?

வருதா? இந்தப் பக்கமாவா? அல்லா. அவன் பேருதான் சொல்றானுங்க, பாலத்துக்கு அடிக்கல் நாட்டு விழாவாம். ஆட்டோ நிக்குதா, போகுதா? நிக்குதா. நெழல். நெழல் இருக்குல்ல இங்க, நிறுத்துவானுங்க. நிறுத்தச் சொல்லுங்க, பாட்டை நிறுத்தச் சொல்லுங்க. கேக்காது, நம்ம பேசுறது அவங்களுக்குக் கேக்காது.

அம்மா, எனக்கு மணி கேக்கல. ஒரு மணியும் கேக்கல. நீங்க எண்ணுங்க. சத்தமா எண்ணுங்க, என் காது கிட்ட வந்து சொல்லுங்க. என்னைப் பாக்காதீங்க, அங்க பாருங்க. எனக்குக் கண்ணு தெரியாது. போன மழைக்கே போயிருச்சு. எண்ணுங்கம்மா.

டுட்டுல் இருக்கானா? ஆட்டு மணி கட்டினவன். சரி. ஷாப்லா? பாக்கு மரத்தைப் பிடிச்சுக்கிட்டு, சரி. பாதுஷா, மைக்கைப் பாத்து ஆடுறானா, ஆடட்டும். இன்னொண்ணு? எங்க ஜினுக்? நெத்தியில ஓரமா கரும்பொட்டு வச்சிருக்கும். சிவப்பு கவுனான்னு எனக்குத் தெரியாதும்மா, ஷெஃபாலி என்ன போட்டுவிட்டான்னு நான் எதைக் கண்டேன். பொட்டைப் பாருங்க.

எங்க? கரையிலயா? மூங்கில் சந்து வழியாவா போச்சு? வெளிம்புலயா நிக்குது?

ஓடாதீங்க. ஓடினா வெளையாட்டுன்னு நெனைச்சு அது தண்ணிக்கு ஓடும். நடங்க. மெதுவா நடங்க. கூப்பிடாதீங்க, நீங்க புது ஆளு. கையில பொரி இருக்குல்ல, அதைக் காட்டுங்க. குனிஞ்சு காட்டுங்க.

அம்மா.

அம்மா, இருக்கீங்களா?

பிடிச்சாச்சா? கொண்டாங்க. இங்க, என் மடியில போடுங்க. ஆமா, இதுதான். இதுதான். பொட்டு மை விரல்ல ஒட்டுது. காலு நனைஞ்சிருக்கே. மேல நனையல. நெஞ்சு ஏறி எறங்குது. ஏன்டி குட்டி, தாத்தாவை ஏமாத்திப்பிட்டியா? பொரி தின்னுதும்மா. பாருங்க, ஒண்ணுமே நடக்காத மாதிரி பொரி தின்னுது.

மைக்கு போயிருச்சா? ம். இப்போ கேக்குது. ஆட்டு மணி. சாவிக்கொத்து. சலங்கை.

என்னைத் திட்டணும்னா திட்டுங்க. ஆப்பரேசன் பண்ணினா சரியாப் போயிரும்னு டவுன்ல சொன்னாங்க, காசு ஒண்ணும் வேணாம், கூட்டிட்டுப் போய் ஒரு வாரம் அங்கயே வச்சுக்கணுமாம். அந்த ஒரு வாரம் இங்க யாரு? அதுவுமில்லாம, கண்ணு தெரியலன்னு வெளிய வந்துட்டா ஒருத்தியும் புள்ளைய விட மாட்டா. விடலைன்னா என்ன பண்ணுவா தெரியுமா? கட்டில் கால்ல கயித்தைப் போட்டுக் கட்டிட்டுப் போவா. இல்லாட்டி கட்டாமப் போவா. குருட்டுக் காவலாச்சும் இருக்கட்டுமேன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். ஷெஃபாலிக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். கொஞ்ச நாளாச் சோத்துத் தட்டை என் கையிலயே கொண்டாந்து வைக்கிறா. ஏன்னு நான் கேக்கல. தெரியுதான்னு அவளும் கேக்கல. கேட்டுட்டா அவ களத்துக்குப் போக முடியாது.

காலைல உங்க செருப்புச் சத்தம் கேட்டப்போ எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இன்னைக்கு ஒரு நாளாச்சும் கண்ணு உள்ள ஒருத்தர் குளத்தைப் பாத்து உக்காந்திருக்கட்டும்னுதான் அந்த முக்காலிய அங்க போட்டேன். அதுக்குத்தான் இவ்வளவு பேச்சும். மத்தபடி நான் இவ்வளவு பேசுற ஆளு இல்லம்மா.

களத்துல சங்கு ஊதினா பொம்பளைங்க வந்துருவாங்க. இன்னும் கொஞ்ச நேரம்தான். லாஞ்சை விட்டுட்டீங்க, சாயங்காலம் ஒண்ணு இருக்கு, நானே ஆளு விட்டு ஏத்தி விடறேன். அதுவரைக்கும் அப்படியே உக்காருங்க. அந்தப் பக்கமே பாத்து உக்காருங்க.

என் கண்ணைப் பத்தி இங்க யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. அங்க சொல்லுங்க. அங்க நெஞ்சு நெறையச் சொல்லுங்க, ஒரு குருடன் காவல்ல எங்க புள்ளைங்க இருக்குன்னு. அவனும் அந்தச் சபையிலதானே உக்காந்திருப்பான். அவன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. எனக்கு அவன்கிட்ட இருந்து பாலம் வேணாம், ரூமு வேணாம்னு சொல்ல மாட்டேன், ரூமு வேணும், அது இந்தப் புள்ளைங்களுக்கு. எனக்குன்னு ஒண்ணு பாக்கி இருக்கு. அவன் பிடுங்குறதுக்கு முன்னாடி ஜோனாகி இருமினா, சொன்னேன்ல? அந்த இருமலுக்கு அடுத்தாப்புல ஒரு மூச்சு வர இருந்துச்சு. கோஹினூரும் சொன்னா, வருதுன்னு.

அது இன்னும் எனக்கு வந்து சேரலம்மா.